வண்டிக்குள் எழும் இரைச்சல்

மோட்டார் வண்டியில் வானொலியோ பாட்டுக் கருவியோ வைத்திருப்பவர் என்றேனும் ஒரு நாள் சந்திக்க நேரும் தொல்லை ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். வண்டி நின்றிருக்கும்போது பாட்டுத் தெளிவாகக் கேட்கிறது. எஞ்சினை முடுக்கியதும் பாட்டுக்குப் பின்னால் ஒரு கீச்சொலி வந்து சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடக் கூட அந்தக் கீச்சொலியின் சுருதியும் ஏறுகிறது. சில வண்டிகளில் அது கடிகாரம் ஓடுவது போன்ற டிக் டிக் ஓசையாகவும், சிலவற்றில் கரகரப்பாகவும், சிலவற்றில் வண்டொலி போன்ற முரலாகவும் கேட்கும்.

தருமபுரி மாவட்டத்தில் வண்டியின் ஒலிக்கருவி வெறும் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. ஒகேனக்கல்லுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகைக் காரில் அது உபசாரம். பாலக்கோட்டுத் தக்காளியைத் தெருத்தெருவாக விற்கும் சிறு சரக்கு வண்டியில் அதுவே வியாபாரியின் குரல். தொப்பூர் வழியாக இரவெல்லாம் ஓடும் லாரியில் அது ஓட்டுநருக்குக் கண்ணயராமல் காக்கும் துணை. ஆதலால் அதில் இரைச்சல் புகுந்தால் உரியவர் உடனே பரிகாரம் தேடுவது இயல்பே.

ஆனால் அவர் தேடும் பரிகாரம் பெரும்பாலும் யாது? கடைக்குச் சென்று இரைச்சலைத் தடுக்கும் பில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்வதுதான். அதனால் சில வேளை இரைச்சல் அடங்கும். சில வேளை அடங்காது. அடங்கினாலும் காரணம் அங்கேயே இருக்கக்கூடும். தலைவலிக்குத் தைலம் தடவியவுடன் காய்ச்சல் போய்விட்டதென்று எண்ணலாமா? வண்டியில் எழும் ஒவ்வோர் இரைச்சலுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. அந்தப் பிறப்பிடத்தை அந்த இரைச்சலே நமக்குச் சொல்லும். காசு செலவழிக்கும் முன்னர்க் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே நான் இன்று வற்புறுத்த விரும்பும் செய்தி.

முதலில், மின்சாரம் ஏன் இரைகிறது என்பதைப் பார்ப்போம். மின்பொறி தோன்றும் இடத்திலிருந்து மின்காந்த அலைகள் புறப்படும். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி இதனைச் சோதனையால் நிலைநாட்டினார். அவர் ஓரிடத்தில் பொறி எழுப்ப, சற்றுத் தொலைவில் இருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் மற்றொரு சிறு பொறி தோன்றியது. வானொலிக் கலை முழுவதும் அந்தப் பொறியின் வழித்தோன்றலே. பெட்ரோல் எஞ்சினும் பொறியினால் ஓடுவதுதான். ஆகவே ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும் சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தைத் தன் மூடிக்குள் வைத்துக்கொண்டு திரிகிறது. உரிமம் பெறாத அந்த நிலையத்தில் நாள் முழுவதும் ஒரே நிகழ்ச்சிதான், அது இரைச்சல்.

அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-இல் மோட்டாரோலா என்ற பெயருடன் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் வண்டியில் வானொலி பொருத்துவோர் ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தடைகளையும், டைனமோவுக்குக் கன்டென்சரையும் இணைத்து எஞ்சினின் வாயை அடக்கிய பின்னரே பாட்டைக் கேட்க முடிந்தது. வானொலிக்கு நேரும் இத்தகைய இடையூறுகளை ஆராய்வதற்கென்றே 1934-இல் சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு நிறுவப்பட்டது. ஒருவருடைய வண்டி மற்றவருடைய வீட்டு வானொலியைக் கெடுக்கலாகாது என்ற நாகரிகமும் அதில் அடங்கியிருக்கிறது.

பின்னர், 1933-இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற பண்பலை முறை இத்தொல்லையின் ஒரு பாதியைத் தீர்த்தது. மத்திய அலையில் ஒலியானது அலையின் உயரத்தை மாற்றிச் செல்கிறது. பொறியின் இரைச்சலும் அதே உயரத்தைத்தான் தாக்குகிறது. பண்பலையில் ஒலி, அலையின் அதிர்வெண்ணை மாற்றிச் செல்வதால், உயரத்தில் நேரும் கேட்டைக் கருவி நறுக்கித் தள்ளிவிட முடிகிறது. நம் நாட்டில் 1977-இல் சென்னையில் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கியது; இன்று தருமபுரி நிலையமும் பண்பலையில்தான் பேசுகிறது. எனினும் வானத்தின் வழியே வராமல் கம்பியின் வழியே ஏறிவரும் இரைச்சலைப் பண்பலையாலும் தடுக்க இயலாது.

இனி, சோதிக்கும் முறைக்கு வருவோம். இரைச்சல் வண்டிக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பது முதற்கேள்வி. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. தொப்பூர்க் கணவாயைப் போன்று மலை மறைக்கும் இடங்களில் குரல் மெலிந்து, உஸ்ஸென்ற ஓசை மேலோங்கலாம். வண்டி ஓட ஓட ஒலி விட்டு விட்டுக் கேட்டால், மலைச்சரிவில் மோதித் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்று கொள்ளலாம். மொரப்பூர்ப் பக்கம் மின்சார ரயில் பாதையை ஒட்டிச் செல்லும்போதோ, உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போதோ மத்திய அலையில் கரகரப்பு எழுமானால், அதற்கும் வண்டி பொறுப்பன்று. சாலையோரம் பத்திரமான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் தொடர்ந்து இருந்து, வண்டியைச் சிறிது நகர்த்தியதும் மாறினால் அது வெளியிலிருந்து வருவது. எஞ்சினோடு பிறந்து எஞ்சினோடு மறைந்தால் அது உள்வீட்டுப் பிணக்கு.

உள்வீட்டுப் பிணக்கானால், அது எந்த வாயிலால் நுழைகிறது என்பது இரண்டாம் கேள்வி. வாயில்கள் மூன்று. வானொலியின் ஏரியல் ஒன்று. கருவிக்கு மின்சாரம் தரும் கம்பியும் எர்த்தும் சேர்ந்து ஒன்று. கருவியிலிருந்து ஆம்ப்ளிபையருக்குப் பாட்டைக் கொண்டுசெல்லும் மெல்லிய கம்பி மற்றொன்று. வானொலி ஒலிக்கும்போது ஏரியல் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால் அது ஏரியல் வழியே வந்தது. மறையாவிட்டால் ஒலி அளவைச் சுழியத்துக்குக் குறைத்துப் பாருங்கள். பாட்டு நின்ற பின்னும் இரைச்சல் மட்டும் மாறாமல் நின்றால், ஒலி அளவுக் குமிழைத் தாண்டிய இடத்தில், அதாவது ஆம்ப்ளிபையரிலோ அதற்குச் செல்லும் கம்பிகளிலோ அது நுழைகிறது. இந்த இரு சோதனைகளுக்கும் ஒரு காசும் செலவில்லை.

மூன்றாம் கேள்வி, இரைச்சலின் குரல் எத்தகையது என்பது. டிக் டிக் என்ற ஓசை எஞ்சினின் வேகத்தோடு விரைந்து, வானொலியில் மட்டும் கேட்டால் அது ஸ்பார்க் பிளக்கின் குரலாக இருக்கக்கூடும். நான்கு சிலிண்டர் உள்ள பெட்ரோல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறிகளை எழுப்பும். நிமிஷத்துக்கு 750 சுற்றில் நிதானமாக ஓடும்போது விநாடிக்கு 25 பொறிகள். 3,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 100 பொறிகள். எனவே தனித்தனியாகக் கேட்ட டிக் ஓசை விரைந்து உறுமலாக மாறுகிறது. பிளக்கின் உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் தடை வைத்த வகைகள் இன்று வழக்கில் உள்ளன. அவற்றுக்குப் பதிலாகத் தடையற்ற பிளக்கையோ, வெறும் செப்பு இழைக் கம்பியையோ யாரேனும் மாற்றிப் பொருத்தியிருந்தால் இந்த ஓசை எழும். வெடித்த பிளக் மூடியும் இதற்குக் காரணமாகலாம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. டீசல் லாரியில் டிக் ஓசை கேட்டால் வைப்பர், விசிறி, பம்பு ஆகிய வேறு உறுப்புகளை ஒவ்வொன்றாக இயக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். எது நின்றபோது ஓசையும் நிற்கிறதோ அதுவே குற்றவாளி.

கீச்சென்று சுருதி ஏறும் ஓசை ஆல்டர்னேட்டருக்கு உரியது. ஆல்டர்னேட்டர் மாறுமின்சாரத்தை உண்டாக்குகிறது. அதனுள் இருக்கும் 6 டயோடுகள் அதனை நேர்மின்சாரமாகத் திருத்துகின்றன. திருத்திய பின்னும் நீரின் மேல் சிற்றலை போல ஒரு நடுக்கம் எஞ்சி நிற்கும். 12 துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை எழுப்பும். எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடும்போது, ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை மடங்கு சுற்றுவதாகக் கொண்டால், விநாடிக்கு 1,200 சிற்றலைகள். எஞ்சின் 3,000 சுற்றை எட்டினால் 4,500 சிற்றலைகள். இரண்டும் மனிதக் காதுக்கு நன்கு கேட்கும் எல்லைக்குள் அமைந்தவை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுவதன் இரகசியம் இதுவே.

சிற்றலை ஓரளவு இருப்பது இயற்கை. அதை விழுங்கிக்கொள்ளும் பெருங்குளம் போலப் பாட்டரி இருக்கிறது. ஆனால் டயோடு ஒன்று பழுதானால் சிற்றலை பேரலையாகிவிடும். நேற்றுவரை இல்லாத கீச்சொலி இன்று திடீரெனத் தோன்றினாலோ, முன்விளக்கைப் போட்டதும் பெரிதானாலோ ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில், ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டுவது வழக்கம். தரமான மல்டிமீட்டரை மாறுமின்சார அளவுக்குத் திருப்பிப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுகளைச் சந்தேகிக்கலாம். பல வேளைகளில் வண்டியின் எச்சரிக்கை விளக்கு எரியும் முன்னரே பாட்டுக் கருவி இந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது எர்த். வண்டியில் மின்சாரம் பாட்டரியிலிருந்து கம்பி வழியே புறப்பட்டு, இரும்பு உடலின் வழியே பாட்டரிக்குத் திரும்புகிறது. அந்த இரும்பு எங்கும் ஒரே நிலையில் இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அப்படியன்று. எஞ்சினையும் பாட்டரியையும் இணைக்கும் எர்த்துப் பட்டையில் துருவேறி, ஓம் என்ற அளவில் நூற்றில் ஒரு பங்கு தடை தோன்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 40 ஆம்பியர் பாய்ந்தால் 0.4 வோல்ட் வேறுபாடு உண்டாகும். பாட்டுக் கருவி ஓரிடத்திலும் ஆம்ப்ளிபையர் வேறோரிடத்திலும் எர்த் பெற்றிருந்தால் இந்த வேறுபாட்டின் ஒரு பங்கு பாட்டுக் கம்பியில் ஏறிவிடும். பாட்டே ஒன்றிரண்டு வோல்ட்டில் செல்லும்போது, அதில் இருபதில் ஒரு பங்கு இரைச்சல் கலந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இதனைச் சோதிப்பது எளிது. எஞ்சினும் முன்விளக்கும் விசிறியும் இயங்கும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சினின் இரும்பிலும் வையுங்கள். அடுத்து வண்டியின் உடலில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் துருவையும் வர்ணத்தையும் சுரண்டி, பளபளக்கும் இரும்போடு இறுக்கிப் பொருத்த வேண்டும். எஞ்சின் ஓடுகையில் இதைச் செய்பவர்கள் தோளில் துண்டோ, தொங்கும் வேட்டி முனையோ பெல்ட்டின் அருகே போகாதபடி காத்துக்கொள்ள வேண்டும். பிளக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் பல்லாயிரம் வோல்ட் ஓடுகிறது.

இக்காலத்தில் தோன்றிய புதிய குற்றவாளிகளும் உண்டு. சிகரெட்டு லைட்டர்த் துளையில் செருகும் கைப்பேசிச் சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கு, முன்கண்ணாடியில் ஒட்டிய காமிரா ஆகியவை மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தம் தேவைக்கு மாற்றிக்கொள்கின்றன. இவற்றில் தடுப்பு அமைப்புச் சரியில்லாவிட்டால் பண்பலையே மங்கிப்போகும். சார்ஜரைப் பிடுங்கியதும் நிலையம் மீண்டும் தெளிவாகக் கேட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. கைப்பேசியைக் கம்பியால் பாட்டுக் கருவியோடு இணைத்து, அதே வேளையில் சார்ஜரிலும் மாட்டியிருந்தால், எர்த் இரு வழிகளில் சுற்றிவந்து கீச்சொலியைக் கொணரும். சார்ஜரை நீக்கியோ, ப்ளூடூத் வழியே பாட்டை அனுப்பியோ, பாட்டுக் கம்பியில் தனிமைப்படுத்தும் சிறு டிரான்ஸ்பார்மரை வைத்தோ அதனைத் தீர்க்கலாம்.

லாரி உரிமையாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். 12 வோல்ட் பாட்டுக் கருவி வாங்கியவர், இரண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இதனால் அந்தப் பாட்டரி நாளுக்கு நாள் மெலிகிறது. மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி வெந்துபோகிறது. ஈற்றில் இரண்டும் கெடுகின்றன. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் தக்க கருவியை வைத்துக்கொள்வதே முறை. மலிவான மாற்றியும் இரைச்சல் எழுப்பும் என்பதை நினைவிற்கொண்டு, தரமானதை வாங்கி வானொலிக்குச் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

காரணம் தெரிந்த பின் பரிகாரத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும். எர்த்தைச் செம்மைப்படுத்துவது முதல் வேலை. கருவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இயன்றவரை ஒரே இடத்தில் எர்த் கொடுங்கள். மின்சாரக் கம்பி வண்டியின் ஒரு பக்கமாகச் சென்றால் பாட்டுக் கம்பி மறு பக்கமாகச் செல்லட்டும். குறுக்கிட நேர்ந்தால் சிலுவைபோல் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சியிருக்கும் சிற்றொலிக்குத்தான் பில்டர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னர்க் கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் ஐந்தையும் மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்பது யாருக்கும் தெரியாது.

செய்யத் தகாதவை மூன்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது பழைய டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி, டயோடுகளையும் வண்டியின் மின்னணுப் பெட்டிகளையும் எரித்துவிடக்கூடும். இரண்டாவது, போய்விட்ட ப்யூசுக்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவது. மூன்றாவது, ஆம்ப்ளிபையருக்கு முன்விளக்குக் கம்பியிலிருந்து மின்சாரம் திருடுவது. 300 வாட் ஒலியை உண்மையாகவே தரும் ஆம்ப்ளிபையர், வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், 40 ஆம்பியருக்கும் மேல் கேட்கக்கூடும். விளக்குக் கம்பி அந்தச் சுமையைத் தாங்காது, உருகித் தீப்பற்றும். தடித்த தனிக் கம்பியும், பாட்டரியின் அருகிலேயே தக்க அளவு ப்யூசும் இன்றி அதனைப் பொருத்தலாகாது.

இவற்றையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொப்பூர்க் கணவாய் விபத்துகளால் பெயர் பெற்றுவிட்ட இடம். இரவில் அந்த இறக்கத்தில் சரக்கோடு இறங்கும் வண்டிக்குப் பிரேக்கும் கியரும் எவ்வளவு தேவையோ, விளக்கும் அவ்வளவு தேவை. டயோடு பழுதான ஆல்டர்னேட்டர் பாட்டரியை முழுமையாக நிரப்பாது. அறுந்துபோகும் நிலையிலுள்ள எர்த்துப் பட்டை, அதிர்ச்சி ஒன்றில் அறவே விட்டுவிடலாம். அப்போது முன்விளக்கு மங்கும். பின்னால் வரும் லாரிக்கு நம் பின்விளக்கும் தெரியாது. அந்தப் பழுது ஒரு வாரத்துக்கு முன்னரே பாட்டுக்குள் கீச்சிட்டு நம்மை அழைத்திருக்கக்கூடும். பில்டரை மாட்டி அதன் வாயை அடைத்திருந்தால், எச்சரித்த காவற்காரனையே நாம் ஊமையாக்கியவர்களாவோம்.

ஆகவே, நேயர்களே, வண்டியில் இரைச்சல் கேட்டால் எரிச்சல் கொள்ளாமல் சில நிமிஷம் செவி சாயுங்கள். எப்போது எழுகிறது, எதனோடு ஏறுகிறது, எதை நிறுத்தினால் நிற்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும். உங்கள் செலவும் குறையும். இரைச்சல் நீங்கிய பின் ஒலிக்கும் பாட்டு இனிமையாக இருக்கும். அந்த வண்டியின் விளக்கும் மலையிறக்கத்தில் மங்காமல் எரியும்.